கொக்கட்டிச்சோலை இறால் பண்ணை வழக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் இயங்கிய செரண்டிப் சீஃபூட்ஸ் நிறுவனத்தின் இறால் பண்ணை 1987 ஜனவரி 28இல் அழிக்கப்பட்டதையடுத்து எழுந்த வழக்கு. 'ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் எதிர் இலங்கை' என்பது அதன் பதிவுப் பெயர். இரு நாடுகள் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டு உலகில் வழங்கப்பட்ட முதல் நடுவர் தீர்ப்பு இதில்தான் வந்தது.

உவர்நீரில் இறால் வளர்த்து ஜப்பானுக்கு ஏற்றுவது பண்ணையின் தொழில். ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் என்ற ஹொங்கொங் நிறுவனத்திடம் 48.2 வீதப் பங்குகள் இருந்தன. அழிவுக்கு முன் இரண்டே தடவைதான் சரக்குப் போயிற்று. ஜனவரி 28இல் அரசின் விசேட அதிரடிப்படை நடத்திய நடவடிக்கையில் பண்ணை ஊழியர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அந்த ஹொங்கொங் நிறுவனம் முறையிட்டது. பண்ணையை விடுதலைப் புலிகள் பயன்படுத்தினர் என்றது இலங்கை அரசு. (1991 ஜூன் 12இல் இதே ஊரில் நடந்த படுகொலை வேறு.)

ஹொங்கொங் அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்ததால், 1980இன் பிரித்தானிய - இலங்கை ஒப்பந்தம் அந்தப் பங்குதாரருக்கு வழி திறந்தது. எகிப்தின் எல்-கோஷேரி, பிரான்ஸின் கோல்ட்மன், கானாவின் அசன்டே ஆகிய மூவரும் நடுவர்கள். பண்ணையைத் தாக்கி அழித்தது அரசபடையே என்பது நிரூபிக்கப்படவில்லை என்றாலும், நிர்வாகத்துடன் பேசிச் சந்தேகத்துக்குரியோரை அமைதியாக வெளியேற்றும் வழி இருந்தும் அரசு அதை நாடாமல் உரிய கவனம் எடுக்கத் தவறியது என 1990 ஜூன் 27இல் பெரும்பான்மை தீர்த்தது. அசன்டே உடன்படவில்லை.

கேட்கப்பட்டது 80,67,368 அமெரிக்க டொலர். கொடுக்கப்பட்டது 4,60,000 டொலரும் 10 வீத வட்டியும். தாக்குதலுக்கு முந்திய நாள் ஒருவர் இந்தப் பங்குகளை வாங்க வந்திருந்தால் என்ன விலை கொடுத்திருப்பார் என்றே நடுவர்கள் கணக்கிட்டார்கள். சொத்திலிருந்து கடன் கழிந்தது. தொழில் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆனதால் நற்பெயருக்கும் வருங்கால இலாபத்துக்கும் மதிப்பில்லை என்றார்கள். அந்தக் கணக்கு நியாயமானதே. இரண்டு சரக்கை வைத்துப் பல ஆண்டு இலாபத்தை ஊகிக்க முடியாது.

கிடைத்த தொகையை எடைபோட ஓர் ஒப்பீடு: வங்குரோத்தான வணிகத்திலிருந்து கடன்கொடுத்தோர் டொலருக்கு எத்தனை சதம் மீட்கிறார்கள் என்று உலக வங்கி நாடுவாரியாக ஒப்பிட்டு வந்தது. 2020 அறிக்கைப்படி ஜப்பானில் ஏறத்தாழ 92 சதம், இந்தியாவில் 71.6. தரவு முறைகேடுகள் வெளிப்பட்டதால் 2021இல் அந்த அறிக்கை நிறுத்தப்பட்டது. படுவான்கரை வழக்கில் கேட்ட ஒவ்வொரு டொலருக்கும், வட்டி நீங்கலாக, 6 சதம்கூடக் கிடைக்கவில்லை. கோரிக்கை வேறு, கடன் வேறு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. உலக வங்கி ஒப்பீட்டின் மாதிரி நிறுவனம் வங்கிக் கடனை அடைக்க முடியாத ஒரு ஹோட்டல். போரில் அழிந்த தொழிலை அந்த அளவுகோல் அளக்காது.

இந்த வழக்கில் பணம் பெறுவோரின் வரிசையே மாறிப்போயிற்று என்பதுதான் முக்கியம். வங்குரோத்துச் சட்டத்தில் ஈடு பெற்றுக் கடன்கொடுத்தோரும் கூலி பாக்கியுள்ள தொழிலாளரும் முன்னே நிற்பர். எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. இங்கே பங்குதாரருக்குத் தனி மன்றம் இருந்தது. ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டும் உரிமை தந்ததால், கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் அந்த மன்றத்தில் தரப்பினராகவே இல்லை. 4,60,000 டொலர் பங்கின் விலை மட்டுமே. மகிழடித்தீவில் ஜனவரி 28இல் கொல்லப்பட்டோருக்காக விளக்கேற்றுகிறார்கள்.