கோல்ஃப் பந்தின் குழிகளும் ஈபெலின் பாதிக் கணக்கும்

கோல்ஃப் பந்தை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். மேலே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பொதுவாக 300 முதல் 500 வரை இருக்கும், ஒவ்வொன்றின் ஆழமும் கால் மில்லிமீட்டர் அளவுதான். வழவழப்பான பந்துதானே காற்றில் அதிக தூரம் போகும் என்று யாருக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர்! இதற்குக் காரணம் கண்டுபிடித்த கதையில், லேபில் ரீடிங் எடுக்கும் நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் முதலில் தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்தால் ஆடினார்கள். 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா பந்து வந்தது. இது மலாய் நாட்டுப் பக்கம் வளரும் மரத்தின் பாலிலிருந்து செய்வது. விலை குறைவு, நல்ல உருண்டை, நல்ல வழவழப்பு. ஆனால் புதுப் பந்து கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. விற்பவருக்கு 'ஏன்' எதற்கு? புதுப் பந்திலேயே சுத்தியலால் கொத்தி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு முள்பழம் போல மேடு மேடான பந்துகள் வந்தன. 1905ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் லென்ஸ் தொழில் செய்த வில்லியம் டெய்லர், மேட்டைப் பள்ளமாகத் திருப்பிப் போட்டுக் காப்புரிமை வாங்கினார். இன்றைய குழிப் பந்து அதன் வாரிசுதான்.

சரி, இப்போது விஞ்ஞானிகள் பக்கம் வருவோம்.

ஈபெல் கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஈபெல், வயதான காலத்தில் காற்றின் தடையை ஆராய்வதில் இறங்கினார். கோபுரத்திலிருந்து பொருட்களை விழவிட்டு அளந்தார். 1909ல் கோபுரத்தின் அடியிலேயே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். அதில் உருண்டைகளை வைத்து அவர் அளந்த தடை, ஜெர்மனியின் கோட்டிங்கனில் அளந்ததில் பாதிகூட இல்லை! பத்து சதவீத வித்தியாசம் என்றால் கருவியைக் குறை சொல்லலாம். பாதி என்றால்? ஈபெல்தான் எங்கோ தப்பு செய்திருக்கிறார் என்று கோட்டிங்கனில் நினைத்தார்கள்.

எண்பது வயதை நெருங்கிய ஈபெல் சண்டைக்குப் போகவில்லை, மறுபடி அளந்தார். ஒரே வேகத்தில் அல்ல, பல வேகங்களில். 1912ல் விடை வந்தது. குறைந்த வேகத்தில் கோட்டிங்கன் எண் சரி, அதிக வேகத்தில் தன் எண் சரி. நடுவே ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது தடை திடீரென்று சரிகிறது. வேகம் கூடினால் தடை குறைவதா? அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத விஷயம் அது.

காரணத்தைச் சொன்னவர் அதே கோட்டிங்கனின் பேராசிரியர் லுட்விக் பிராண்டல். பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது, தடையின் ரகசியம் அதில்தான் என்று அவர் 1904லேயே சொல்லியிருந்தார். அந்தப் படலம் அமைதியாக ஓடினால் சீக்கிரம் களைத்துவிடும். முன்முனையிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே உருண்டையை விட்டு விலகிவிடும். பின்னால் சுழல்கள் நிறைந்த அகலமான வால் உண்டாகும். அங்கே அழுத்தம் குறைவு, அதனால் உருண்டை பின்னுக்கு இழுக்கப்படும். படலம் கொந்தளித்து ஓடினாலோ, மேலே வேகமாகப் போகும் காற்று உள்ளே கலந்து அதற்குத் தெம்பு கொடுக்கும். சுமார் 120 டிகிரி வரை ஒட்டிக்கொண்டு போகும். வால் குறுகும், தடையும் குறையும்.

இதை 1914ல் நிரூபித்தார். வழவழப்பான உருண்டையில், நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய கம்பி வளையத்தை மாட்டினார். படலம் கொந்தளித்தது, குறைந்த வேகத்திலேயே தடை சரிந்தது. கோல்ஃப்காரர்கள் சுத்தியலால் செய்ததும் இதைத்தான்!

கணக்கும் பொருந்துகிறது. வேகம், அளவு, காற்றின் தன்மை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண் ரெனால்ட்ஸ் எண். வழவழ உருண்டைக்கு இது சுமார் 3 லட்சத்தைத் தொட்டால்தான் தடை சரியும். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் பறக்கும் கோல்ஃப் பந்துக்கு அது சுமார் 2 லட்சம்தான். குழி இருந்தால் 50 ஆயிரம் அளவிலேயே காரியம் முடிந்துவிடும், தடையும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பதை 2006ல் தென் கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுணுக்கமாக அளந்தார்கள். காற்று குழியின் விளிம்பில் பிரிந்து, நிலைகுலைந்து, கொந்தளிப்போடு மறுபடி பரப்பில் வந்து ஒட்டுகிறது. பின்னால் பெரிய சுழல்களைக் குறைக்க, முன்னால் சின்னச் சின்னக் கொந்தளிப்பு!

அப்படியானால் விமானத்துக்கும் குழி போடலாமே என்று கேட்காதீர்கள். அதன் இறக்கை ஏற்கெனவே பின்னால் ஒடுங்கிய வடிவம், வால் சின்னதுதான். அங்கே குழி போட்டால் உராய்வு கூடுவதுதான் மிச்சம்.

புத்தகத்து விடையோடு ஒத்துப்போகாத ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் 'சரிசெய்து' எழுதுவது நம் லேப்களில் சகஜம். ஈபெலும் தன் எண்ணை இரண்டால் பெருக்கி கோட்டிங்கனோடு ஒத்துப்போயிருந்தால் பிரச்சினை அன்றே முடிந்திருக்கும். கூடவே இந்தக் கண்டுபிடிப்பும் கைநழுவியிருக்கும். இரண்டு பேரின் அளவு மாறினால் ஒருவர் தப்பு என்றுதான் அர்த்தமா? இருவரும் அளக்காத ஏதோ ஒன்று நடுவில் இருக்கலாம். அடுத்த முறை ரீடிங் 'தப்பாக' வந்தால், ரப்பரை எடுக்கும் முன் இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.