பள்ளிச் சிறாரின் பற்சொத்தைப் பரவலை அளவிடுதல்

பள்ளிச் சிறாரில் எத்தனை பேருக்குப் பற்சொத்தை இருக்கிறது, ஒரு குழந்தைக்குச் சராசரியாக எத்தனை பற்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிடும் பொதுநல ஆய்வுமுறை இது. 5 வயதில் பால்பற்களையும் 12 வயதில் நிலைப்பற்களையும் பார்ப்பது உலக வழக்கம். 5 வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருபது பால்பற்களும் விழாமல் இருக்கும். 12 வயதுக்குள் ஞானப்பற்கள் தவிர மற்ற நிலைப்பற்கள் ஏறக்குறைய முளைத்திருக்கும். அதோடு, அந்த வயதுப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே ஓரிடத்தில் காணலாம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுன் நகரில் தொடக்கப்பள்ளி மாணவர்களை ஆராய்ந்த கிளைன், பாமர், நட்சன் மூவரும் 1938-இல் டிஎம்எஃப் என்னும் குறியீட்டை வெளியிட்டனர். சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைக்கப்பட்ட பல் ஆகிய மூன்றையும் கூட்டினால் கிடைப்பதே அந்த எண். இன்றைய நோயோடு, குழந்தை இதுவரை பட்ட பாட்டையும் அது சேர்த்துச் சொல்கிறது. 1944-இல் குரூபல் பால்பற்களுக்கு இதைத் தழுவி ஒரு குறியீடு வகுத்தார். பால்பற்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆறேழு வயதில் முன்பற்கள் தாமாகவே விழுகின்றன. அவற்றைச் சொத்தையால் போனவை என்று எழுதினால் கணக்கு ஊதிவிடும். எனவே, இயல்பாக விழும் வயது வராத பல் சொத்தையால் போயிருந்தால் மட்டுமே இழந்ததாகக் கொள்வர்.

இத்தகைய ஆய்வுகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு முதலில் 1971-இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2013-இல் வெளியானது. வகுப்பறையில் ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம், வாய்க்கண்ணாடி, நுனியில் சிறு உருண்டை கொண்ட ஆய்வுக்கம்பி ஆகியவை போதும். கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்த்தால் சிதையத் தொடங்கிய எனாமல் உடைந்துவிடக்கூடும் என்பதால் அது விலக்கப்பட்டது. மருத்துவர் வலப்பக்க மேல் கடைவாய்ப்பல்லிலிருந்து தொடங்கி, “55, ஏ, 54, பி” என்று வரிசையாகச் சொல்ல, பக்கத்தில் அமர்ந்தவர் படிவத்தில் குறிக்கிறார். 55, 54 என்பவை பற்களின் எண்கள்; ஏ என்றால் நல்ல பல், பி என்றால் சொத்தை. சிறுவர்களில் ஒரு பகுதியினரை மறுபடி சோதித்து, ஆய்வாளர் ஒரே வாயை இருமுறை பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வருகிறாரா என்று சரிபார்ப்பர். இந்த வேலையைத் தவிர்த்த ஆய்வின் எண்களை நம்ப இயலாது.

எந்த நிலையிலிருந்து சொத்தை என்று எண்ணுவது என்பதே முடிவைப் பெரிதும் மாற்றுகிறது. எனாமலில் தோன்றும் வெண்புள்ளியையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வரை குழி விழுந்த பிறகே எண்ணினால் குறையும். பற்களுக்கு இடையே மறைந்திருக்கும் சொத்தை, எக்ஸ்ரே இல்லாமல் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே பள்ளி ஆய்வு தரும் எண், உள்ளதைவிடக் குறைவானதே.

சராசரியைப் படிப்பதிலும் கவனம் தேவை என்பதற்கு இங்கிலாந்தின் 5 வயதினர் ஆய்வு நல்ல சான்று. டென்டின் வரை போன சொத்தையை மட்டும் எண்ணும் அந்த ஆய்வில், 2019-இல் 23.4 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு காணப்பட்டது. எல்லாக் குழந்தைகளுக்குமான சராசரி 0.8 பல். பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் பார்த்தால் 3.4. முதல் சராசரியை மட்டும் படிப்பவருக்கு நோய் லேசாகத் தோன்றும். மூன்று நான்கு பற்களில் சொத்தையோடு இருக்கும் குழந்தை அதில் தென்படாது. இக்குறையைத் தீர்க்க, மிக மோசமான மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியைத் தனியாகக் காட்டும் குறியீட்டை பிராட்டால் 2000-இல் முன்வைத்தார். ஆய்வறிக்கைகள் இதைத் தவறாமல் தர வேண்டும்.

இந்தியாவில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-இல் நடத்திய தேசிய ஆய்வில் 5 வயதினரில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. இதை இங்கிலாந்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது சரியல்ல. ஆண்டும் வேறு, ஆய்வு விதிகளும் வேறு.

ஒரே நாட்டுக்குள்ளும் இதே எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 2007–08 முதல் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தந்த குழந்தைகளை மட்டுமே சோதிக்கின்றனர். படிவத்தைத் திருப்பி அனுப்பாத வீடுகளின் குழந்தைகள் கணக்கில் வராமல் போவதால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை இவற்றோடு ஒரே வரிசையில் வைப்பதில்லை.