கன்னாபினோல்: நாள்பட்ட கஞ்சாவின் கதை

கஞ்சா என்றதும் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஞாபகம் வருவது பத்திரிகைச் செய்திகள்தான். கடல் தாண்டி வந்த ‘கேரள கஞ்சா’, கிலோக் கணக்கில் மீட்பு, கைது. இதுக்கு மேல அந்தச் செடியைப் பற்றி அரியாலையில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் கைபேசியைத் திறந்தால் வேறொரு கதை வருது. 2018 இல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. இப்ப அங்கத்தைய கடைகளில் ‘சிபிஎன்’ எண்டொரு சாமான் நித்திரைக்கு நல்லது என்று விற்கப்படுகிறது. முழுப்பெயர் கன்னாபினோல். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், கதை எங்கட பக்கத்து நாட்டுக்கே திரும்பி வருகிறது.

1893 இல் பிரித்தானிய அரசு இந்தியாவில் கஞ்சா பாவனையை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894 இல் அது அறிக்கை தந்தது. மிதமான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அதன் முடிவு. ஆனால் செடிக்குள் இருந்து போதை தருவது எது? அது அப்போது ஒருத்தருக்கும் தெரியாது. அபினிலிருந்து மோபீனைப் பிரித்து எண்பது வருடத்துக்கு மேலாகியும், கஞ்சா மட்டும் வேதியியலாளர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை.

1896 இல் கேம்பிரிட்ஜில் வூட், ஸ்பைவி, ஈஸ்டர்பீல்ட் ஆகியோர் இந்தியச் சரஸை, அதாவது கஞ்சாச் செடியின் பிசினை, வடித்துப் பார்த்தார்கள். கடும் சூட்டில் ஒரு தடித்த செந்நிற எண்ணெய் வந்தது. அதை உட்கொண்டால் போதை ஏறியது. ‘இதுதான் சாமான்’ என்று நினைத்தார்கள். கன்னாபினோல் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பிறகு அந்த எண்ணெய் ஒரு கலவை என்று தெரியவந்து, அதிலிருந்து தூய்மையாகப் பிரித்த சேர்வைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. கஞ்சாவுக்கே உரிய சேர்வைகளில் (கன்னாபினொயிட்டுகளில்) முதன்முதல் பிரிக்கப்பட்டது இதுதான்.

ஏன் இது முதலில் அகப்பட்டது? இதில்தான் சுவாரசியம் இருக்கு. கன்னாபினோலைச் செடி நேரடியாகப் பெரிதாக உண்டாக்குவதில்லை. போதை தரும் டிஎச்சி என்ற சேர்வை காற்றிலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்து பழுதாகும்போது, அதன் மூலக்கூறிலிருந்து நான்கு ஐதரசன் அணுக்கள் கழன்று போகின்றன. மிஞ்சுவது கன்னாபினோல். சுருக்கமாச் சொன்னால், நாள்பட்ட கஞ்சாவின் அடையாளம் இது. அந்தக் காலத்தில் பஞ்சாபுக்கு வந்த சரஸில் பெரும்பங்கு யார்கந்திலிருந்து லே வழியாக, மலைப்பாதைகளில் வந்தது. பிறகு களஞ்சியம், பிறகு கப்பல். ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்போது பிசின் புதுசாக இருந்திருக்காது. ஒரு குடியேற்ற நாட்டு வணிகப் பண்டத்தின் பயணமே விஞ்ஞானிகள் முதலில் எதைக் கண்டார்கள் என்பதில் பங்கெடுத்திருக்கிறது.

இதையெல்லாம் தமிழில் சொல்வது ஒன்றும் புதுசில்லை. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்ற தமிழ் இரசாயன நூல் 1875 இலேயே அச்சாகிவிட்டது. அதாவது கேம்பிரிட்ஜ் எண்ணெய்க்கு 21 வருடம் முதல்.

1930களில் இராபர்ட் கான் கன்னாபினோலின் கட்டமைப்பில் பெரும்பகுதியைக் கண்டார். 1940 இல் அமெரிக்காவில் ரொஜர் அடம்சும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் ரொட்டும் அதை முழுமையாக்கினார்கள். அப்போது ஒரு விஷயம் தெளிவானது: தூய கன்னாபினோல் போதையின் மூலம் இல்லை. உண்மையான ஆள், டிஎச்சி, 1964 இல்தான் இஸ்ரேலில் கயோனி, மெசூலம் கையில் தூய்மையாக அகப்பட்டது. அதுக்குப் பிறகு கன்னாபினோலை ஒருத்தரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அது திரும்பி வந்திருப்பது ‘நித்திரை மருந்து’ என்ற வேடத்தில். பழைய கஞ்சா நித்திரையாக்கும், பழைய கஞ்சாவில் கன்னாபினோல் கூட, ஆகவே கன்னாபினோல்தான் நித்திரையாக்குது. இதுதான் விளம்பரத்தின் தர்க்கம். 1975 இல் ஐந்து பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், கன்னாபினோலைத் தனியே கொடுத்தபோது மயக்கம் வரவில்லை. டிஎச்சியோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் கூடியது. அண்மைய ஆய்வுகள் சிலதில் சிறு பலன் தெரிந்தாலும், போத்தலில் ஒட்டுகிற அளவுக்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. 1896 இல் நடந்த அதே பிழைதான் திரும்ப நடக்குது. ஒரு கலவை செய்த வேலையை அதிலுள்ள ஒரு பெயருக்கு எழுதிவிடுகிறோம்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நித்திரை வராத வீடுகள் எங்கட ஊர்களில் குறைவில்லை. அந்த வீடுகளுக்குள் ‘இயற்கைதானே, ஒண்டும் செய்யாது’ என்ற பேச்சு சுகமாக நுழையும். இலங்கையில் கஞ்சா இன்னும் 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. பிடிபட்டால் அனுபவிப்பது விளம்பரம் போட்டவன் இல்லை, எங்கட பெடியள்தான்.

பயப்படுத்திச் சொல்லும் ஒற்றைச் சொல்லும் சரி, பளபளக்கும் விளம்பரமும் சரி, இரண்டுமே எங்களை யோசிக்க விடாது. ‘நித்திரைக்கு நல்லதாம்’ என்று யாரும் சொன்னால், எத்தனை பேரில் பார்த்தது, தனியாகவா கலந்தா கொடுத்தது என்று கேட்போம். நித்திரை வராத ஆளை வைத்தியரிட்டக் கூட்டிக்கொண்டு போவோம்.