கண்காணி தோட்டத்துச் சொல்லன்று

‘கண்காணி’ தேயிலைத் தோட்டத்துச் சொல். வெள்ளைக்காரர் காலத்தில் வேதாகமத்துக்குள் புகுந்துவிட்டது. ‘ஆயர்’ என்பதே மேன்மையானது. தாம்பரம் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் இப்படிச் சொல்லக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

கண், காண், இகர விகுதி: கண்வைத்துக் காண்பவர் கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் கோயில் அறத்தைக் காக்கும் மாகேசுவரக் கண்காணியைப் படித்தவர் இதைத் தோட்டத்தோடு முடிச்சுப் போடமாட்டார். திருமூலரோ இறைவனையே கண்காணி என்கிறார். இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டம் பரவியது 19ஆம் நூற்றாண்டில். பேச்சில் ணகரம் ககரத்தின்முன் ஙகரமாகித் தோட்டத்துக் ‘கங்காணி’ பிறந்தது. மகன் கெட்டதற்குத் தாயின் குலத்தைப் பழிப்பதா?

‘ஆயர்’ இனிய சொல்தான். ஆ மேய்ப்பவர் ஆயர். முல்லைக்கலியும் ஆய்ச்சியர் குரவையும் போதும் சான்று. ‘ஆய்தல்’ வினையிலிருந்து வருவிப்பது பொருந்தாது. ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘எபிஸ்கோபோஸ்’. ‘எபி’ மேல், ‘ஸ்கோபோஸ்’ பார்ப்பவர். கண்காணியேதான். பேதுருவின் முதல் கடிதம் கிறிஸ்துவை மேய்ப்பர் என்றும் கண்காணி என்றும் சேர்த்தே அழைக்கிறது. திருமூலர் நினைவுக்கு வரவில்லையா?

அந்தக் கண்காணி ஒரே மனைவியின் கணவனாயிருக்க வேண்டும் என்பது பவுலின் நிபந்தனை. பலதாரத் தடை மட்டுமே என்பர் சிலர். அதே கடிதத்தின் 5ஆம் அதிகாரம், சபையின் பட்டியலில் சேரும் விதவையும் ஒரே கணவனுக்கு மனைவியாயிருந்தவளாக வேண்டும் என்கிறது. ஒருங்கே பல கணவரைக் கொண்ட பெண்கள் உரோமப் பேரரசின் நகரங்களில் ஏது? மறுமணத் தடை என்றார் பழைய திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன். இளம் விதவைகள் மணம் செய்யட்டும் என்று அதே அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்க, அதுவும் நில்லாது. மணவாழ்வில் உண்மையாயிருத்தலே பொருள். தன் வீட்டைப் பாராதவன் சபையை எப்படிப் பார்ப்பான் என்று பவுலே காரணமும் காட்டுகிறார். பக்தியைச் சாக்கிட்டு மனைவியைத் தள்ளிவிடும் கண்காணியைச் சபைக்குப் புறம்பாக்கச் சொல்கின்றன நான்காம் நூற்றாண்டுத் ‘திருத்தூதர் விதிகள்’. மனைவியைத் தள்ளியவனையும் மனைவியால் தள்ளப்பட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்துவோர் இதைப் படிக்கட்டும்.

பின்னாளில் வழிகள் பிரிந்தன. கத்தோலிக்கக் குருக்களின் திருமணம் செல்லாது என்றது 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம். இன்று பரங்கிமலையை உள்ளடக்கிய செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்கு மணமாகாத ஆயர். தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர் மணமானவராயிருக்கலாம். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் கலந்துகொண்ட ஆங்கிலிக்கன் பேராயர் அசரியாவும், வெள்ளாளன்விளையில் பிறந்த குடும்பஸ்தர். இருவகையினரின் பட்டத்திலும் இருப்பது ‘ஆயர்’ என்ற சொல்லே. அவர்கள் வீட்டைப் பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை. கண்காணி திறக்கும். பார்ப்பவரின் பார்வை வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

பட்டமாக ‘ஆயர்’ இருந்துவிட்டுப் போகட்டும். பணிக்குப் பெயர் கண்காணிதான்; பவுலின் நிபந்தனை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.