சென்னை - பினாங்கு கடலடி வடமும் நம் வீட்டு இணையமும்



2009ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். என் துணைவியார் வீட்டிலேயே முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்று வந்தார். வெளியூர் ஆர்டர்கள் மின்னஞ்சலில் வரும். ஒரு மாலை நிபோங் திபாலில் பலத்த இடிமழை. தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னல் எங்கள் மோடத்தைக் கருக்கிவிட்டது. மூன்று நாள் இணையம் இல்லை. இருபது டின் முறுக்குக் கேட்டிருந்த சுங்கை பட்டாணி வாடிக்கையாளர், பதில் வராததால் வேறிடம் சென்றுவிட்டார். அந்தப் பணத்தை மகளின் புதிய பள்ளியாண்டுச் செலவுக்கென எண்ணியிருந்தோம்.

ஒரே கம்பியை நம்பியிருந்தது எங்கள் தவறு. இத்தவறு உலகிற்குப் புதிதன்று என்பதை வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன்.

பினாங்கின் முதல் கடலடித் தந்தி வடம் நம் முன்னோர் கப்பலேறிய சென்னையிலிருந்து வந்தது! 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் வடம் போடப்பட்டது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த செய்தி, அதன்பின் ஒரே நாளில் இலண்டனை எட்டக்கூடியதாயிற்று. கடல்நீர் புகாதபடி செப்புக் கம்பியைப் போர்த்தியது 'கெத்தா பெர்ச்சா' என்னும் மரப்பால். அது மலாய்த் தீவுகளின் காட்டு மரங்களிலிருந்தே கிடைத்தது. ஆயினும் ஒரே வடம். அறுந்தால் மீண்டும் கப்பல்தான் கதி. எனவே பின்னாளில் இரண்டாம் வடங்களும் மாற்று வழிகளும் அமைக்கப்பட்டன.

அதே பாடத்தை 2006 டிசம்பர் 26ஆம் நாள் மீண்டும் கற்றோம். தைவானுக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் பல கடலடி வடங்கள் அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தவழ்ந்தது. எல்லாவற்றையும் செப்பனிட ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆயின. மாற்று வழி வைத்திருந்தோர் விரைவில் மீண்டனர்.

வீட்டு இணைப்பின் கதையும் இதுவே. 1990களில் ஜாரிங், தி.எம்.நெட் ஆகியவற்றின் வழி இணையத்தில் நுழைந்தால் தொலைபேசி அடைபட்டுவிடும். 2001இல் ஸ்திரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்தது. கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் அவ்வாண்டே. ஆனால் அதுவும் செப்புக் கம்பியே. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும். இணைப்பு முடிச்சில் மழைநீர் புகுந்தால் இரைச்சல் கூடும். 2010 மார்ச்சில் யூனிஃபை கண்ணாடி இழைச் சேவை தொடங்கியது. இழையில் ஓடுவது ஒளி. ஆதலால் மின்னல் அவ்வழியே வாராது.

எனினும் ஒன்றை மறந்துவிடுகிறோம். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது; வீட்டில் மின்சாரம் தடைபட்டாலும் அது பேசும். இழைக் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அது நின்றால் இணையமும் நின்றுவிடும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபின் பல வீடுகளில் தாயின் சிறுதொழிலும் பிள்ளையின் வகுப்பும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டன. அப்போது பெற்றோர்களிடம் நான் கூறியவை இவை:

1. மோடத்திற்கும் இழைக் கருவிக்கும் சிறிய மின்கல மாற்றுக் கருவி ஒன்றை வையுங்கள்.
2. தொழில் நடக்கும் கணினியை அருகலையில் விடாமல் கம்பியால் இணையுங்கள்.
3. வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையை இரண்டாம் வழியாக வையுங்கள். ஒரு வழி அறுந்தால் தானாக மறுவழிக்கு மாறும் மோடங்களும் உள்ளன.
4. இரண்டு நிறுவனங்களின் இணைப்பும் ஒரே கம்பத்தின் வழியே வருமாயின் அவை இரண்டு வழி ஆகா.
5. மாதம் ஒருமுறை முதல் இணைப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். சோதிக்காத மாற்று வழி மாற்று வழியன்று.

எங்கள் வீட்டில் இன்று இரண்டு வழிகள் உள்ளன. தீபாவளி வாரத்தில் இடி இடித்தால் என் துணைவியார் முன்போல் சன்னலருகே ஓடுவதில்லை, அடுப்பைத்தான் பார்க்கிறார்.

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தில் சென்னை - பினாங்கு வடத்தையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். உலகப்படத்தில் அக்கோட்டை அவர்களே வரையட்டும். அது அறுந்தால் செய்தி எவ்வழி செல்லும் என்று கேளுங்கள்.