நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் தடுப்பு மருந்துகள்

நுரையீரல் அழற்சியில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் மிகையாக வெளியிடும் எலாஸ்டேஸ் நொதியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். கிருமிகளை அழிக்க உதவும் இந்நொதி, அளவு மீறினால் மூச்சுக்குழாய்ச் சுவரின் எலாஸ்டின் இழைகளையே அரிக்கும். சளி பெருகும், அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கும்.

1963இல் ஸ்வீடனில் ஆய்வாளர்கள் லாரெலும் எரிக்சனும், இந்நொதியை உடலில் இயல்பாகத் தடுக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினின் குறைபாட்டை விவரித்தனர். அப்புரதத்தைச் சிரைவழி ஏற்றும் சிகிச்சை 1987இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. நொதியை நேரடியாகத் தடுக்கும் சிவெலஸ்டாட் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்தது. எலும்பு மச்சையிலேயே நொதி முதிர்வதைத் தடுக்கும் பிரென்சோகேடிப் மாத்திரை, மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கென 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து. சோதனையில் நோய்ச் சீற்றங்களை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைத்தது.

இந்தியாவில் இம்மருந்தின் தேவை பெரிது: 2019இல் வெளியான மூச்சுக்குழாய் விரிவு நோய்த் தேசியப் பதிவேட்டின் 2,195 நோயாளிகளில் 35.5 விழுக்காட்டினருக்குக் காசநோயே இந்நோய்க்குக் காரணம். அழிந்த திசுவை இம்மருந்துகள் மீட்பதில்லை.