எட்வர்டு காலத்து ஆங்கில அணிகலன்கள்

அணிகலன் ஒன்றன் விலையை அறிதல் எளிது. தராசும் உரைகல்லும் இருந்தால் தட்டார் அதனை நொடியில் கூறிவிடுவார். அதன் வரலாற்றை அறிதலே அரிது. யார் செய்தது, எந்தக் கருவியால் செய்தது, எந்தக் கடலின் முத்து, எந்தச் சுரங்கத்தின் கல், யார் பூண்டது என்னும் செய்திகள் எல்லாம் அணிகலன் முழுமையாக இருக்கும் வரையில்தான் அதனுள் வாழ்கின்றன. உருக்கிய பின் எடை எஞ்சும், வரலாறு எஞ்சாது. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்தில் செய்யப்பெற்ற அணிகலன்களும், அவற்றைத் தேடிச் சேர்ப்போரின் முயற்சியும் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றன.

காலமும் சூழலும்

விக்டோரியா மகாராணி 1901 ஜனவரி 22ஆம் நாள் மறைந்தார். அவர்தம் மைந்தர் எட்வர்டு அரியணை ஏறி, 1910 மே 6ஆம் நாள் வரை ஆண்டார். ஆட்சி ஒன்பது ஆண்டுகளே. எனினும் அணிகலன் வரலாறு எழுதுவோர் முதல் உலகப்போர் தொடங்கிய காலம் வரையிலான பணிகளையும் இப்பெயராலேயே குறிப்பர்.

இக்காலத்தின் சிறப்பை அறிய முற்காலத்தை நோக்குதல் வேண்டும். 1861இல் கணவரை இழந்த விக்டோரியா வாழ்நாள் முழுதும் துக்க உடையே உடுத்தார். அரசியைப் பின்பற்றி நாடும் கறுப்பு அணிகலன்களைப் பூண்டது. விட்பி என்னும் கடற்கரை ஊரில் கிடைத்த ‘ஜெட்’ என்னும் கருநிறப் பொருளைச் செதுக்கி அணி செய்யும் தொழில் அந்நாளில் செழித்தது. எட்வர்டு ஆட்சியில் அந்நிலை முற்றிலும் மாறியது. கறுப்பு அகன்று வெண்மை வந்தது. வெண்பட்டும் வலைப்பின்னல் துணியும் உடுத்த மகளிர் வைரமும் முத்தும் வெள்ளொளி உலோகமும் விரும்பினர்.

புதிய அரசி அலெக்சாண்ட்ரா இம்மாற்றத்தின் முன்மாதிரி ஆனார். கழுத்தை ஒட்டிப் பல சரங்களாக அமையும் முத்து அட்டிகை அவருக்கே உரிய அடையாளம். இளமையில் ஏற்பட்ட கழுத்துத் தழும்பை மறைக்கவே அவர் அதனை அணிந்தார் என்பர். காரணம் எதுவாயினும், அரசி பூண்டதை நாடு பூண்டது.

நெருப்பும் உலோகமும்

இவ்வணிகலன்களின் தனித்தன்மைக்கு முதற்காரணம் பிளாட்டினம். அதற்கு முன்னர் வைரங்களை வெள்ளியில் பதிப்பதே ஐரோப்பிய வழக்கம். மஞ்சள் தங்கம் வைரத்தின் வெண்மையைக் குன்றச் செய்யும் என்பதே அதன் காரணம். ஆனால் வெள்ளி மென்மையானது, நாளடைவில் கறுப்பது. கல்லைத் தாங்க வெள்ளியைத் தடிப்பாக வைக்கவும், ஆடை கறைபடாதவாறு பின்புறம் தங்கத்தகடு சேர்க்கவும் நேர்ந்தது. அதனால் அணி கனத்தது.

பிளாட்டினம் கறுக்காது, மெல்லிய கம்பியாக இழுத்தாலும் உறுதி குன்றாது. அக்காலத்தில் உலகிற்குத் தேவையான பிளாட்டினத்தில் பெரும்பகுதி உருசிய நாட்டு யூரல் மலைப்பகுதியில் கிடைத்தது. எனினும் அதனை உருக்குதல் எளிதன்று. தங்கம் 1,064 பாகை செல்சியசில் உருகும். பிளாட்டினத்திற்கோ 1,768 பாகை வேண்டும். ஊதுகுழல் நெருப்பு அவ்வெப்பத்தை எட்டாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான ஆக்சி-அசிட்டிலின் சுடர் இத்தடையைப் பெரிதும் நீக்கியது.

அதன் பயனாகப் பொற்கொல்லர் வலைப்பின்னலையே உலோகத்தில் செய்யத் தொடங்கினர். மெல்லிய தகட்டில் ஊசித்துளையிட்டு, இழைபோன்ற வாளை அத்துளையில் நுழைத்து, கண்ணுக்கெட்டாத நுண்மையில் அறுத்தெடுத்தனர். கற்களின் விளிம்பைச் சுற்றிக் கடுகினும் சிறிய மணிகளை வரிசையாக உருட்டி அமைத்தனர். கம்பியின் மேல்விளிம்பைக் கத்திமுனைபோல் கூராக்கி, உலோகம் தோன்றாது கல் மட்டும் காற்றில் மிதப்பதுபோலக் காட்டினர். பூமாலை, நாடாமுடிச்சு, இலைக்கொத்து, குஞ்சம் முதலிய வடிவங்கள் பெருவழக்காயின. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடங்களின் அலங்காரமே இவற்றிற்கு மூலம். இம்மாலைப் பாணியில் முன்னணியில் நின்ற பாரிசு நகரத்துக் கார்த்தியே நிறுவனம் 1902இல் லண்டனில் கிளை தொடங்கி, 1904இல் எட்வர்டு மன்னரின் அரசவை நகைவணிகர் என்னும் உரிமையும் பெற்றது.

வைரமும் முத்தும் வந்த வழி

தென்னாப்பிரிக்கக் கிம்பர்லிச் சுரங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைரத்தைப் பெருக்கின. 1905 ஜனவரி 26இல் பிரிட்டோரியா அருகே 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரம் கிடைத்தது. அதனை டிரான்சுவால் அரசு 1,50,000 பவுனுக்கு வாங்கி, 1907இல் எட்வர்டு மன்னரின் பிறந்தநாளில் வழங்கியது. அந்நாட்டில் ஆங்கிலேயர் நிகழ்த்திய போர் முடிந்து அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் மறத்தலாகாது. 1908இல் ஆம்சுடர்டாமில் அக்கல் பிளந்து பட்டை தீட்டப்பெற்றது. அதிலிருந்து எடுத்த 530 காரட் கல் செங்கோலிலும், 317 காரட் கல் மணிமுடியிலும் இன்றும் விளங்குகின்றன.

முத்தின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. அந்நாளைய முத்துகள் அனைத்தும் இயற்கை முத்துகளே. பாரசீக வளைகுடாவும் மன்னார் வளைகுடாவும் அவற்றின் முதன்மையான பிறப்பிடங்கள். இலங்கையின் வடமேற்குக் கரையில் மரிச்சுக்கட்டியில் 1903 முதல் 1907 வரை பெருமுத்துக்குளிப்புகள் நிகழ்ந்தன. தமிழரும் முசுலிம்களும் அரபியரும் அங்கே குளித்தனர். இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிய அவர்களுக்குக் கிடைத்த கூலி சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு. இரு பங்கு அரசுக்கு. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்டு வுல்ஃப் 1906இல் இளம் அதிகாரியாக அங்கே பணியாற்றினார். அரசு முத்துக்குளிக்கும் உரிமையை 1906இல் ஒரு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பிப்படுகைகள் வறண்டன.

ஆதலின், அக்காலத்து ஆங்கில முத்துமாலை ஒன்றைக் காணும்போது அரசியின் கழுத்தோடு குளியாளியின் மூச்சையும் நினைத்தல் தகும். அம்மாலையில் அரசியின் பெயர் பதிந்துள்ளது. அவன் பெயரோ எங்கும் இல்லை.

எளியோர் பூண்ட அணிகள்

எட்வர்டு கால அணிகலன் என்றவுடன் அரண்மனையையே நினைத்தல் பிழை. ஆசிரியையும் எழுத்தரும் கடைக்காரர் மனைவியும் பூண்டவை பர்மிங்காம் நகரத்துப் பட்டறைகளில் ஆயிரமாயிரமாகச் செய்யப்பட்டன. 9 காரட், 15 காரட் தங்கத்தில் பொடிமுத்தும், இளம்பச்சைப் பெரிடாட்டும், ஊதாநிறச் செவ்வந்திக்கல்லும் பதித்த சிறு பதக்கங்களும் புரூச்சுகளும் அவை. இன்று சேகரிப்போர் பெரும்பாலோர் கைக்கு எட்டுபவையும் இவையே.

வாக்குரிமை கோரிய மகளிர் இயக்கத்தோடும் இவ்வணிகள் தொடர்புடையன. எம்மலின் பாங்க்கர்ஸ்ட் தலைமையேற்ற மகளிர் சமூக அரசியல் ஒன்றியம் 1908இல் ஊதா, வெண்மை, பச்சை ஆகியவற்றைத் தன் நிறங்களாகக் கொண்டது. ஹாலவே சிறையில் அடைபட்ட மகளிர்க்கு 1909 முதல் அவ்வியக்கம் வெள்ளியாலான ஒரு சின்னம் வழங்கியது. எம்மலினின் மகள் சில்வியா வரைந்த அதன் வடிவம் நாடாளுமன்றத்தைக் குறிக்கும் இரும்புக் கதவு; அதன்மேல் கைதியுடையின் அம்புக்குறி. விலை நோக்கினால் அது சிறிய வெள்ளித்துண்டு. பொருள் நோக்கினால் மணிமுடிக்கும் மேலானது.

இங்கேதான் சேகரிப்போர்க்கு எச்சரிக்கை தேவைப்படுகிறது. அம்மூன்று நிறக் கற்களும் ஒருங்கே அமைந்த அணிகள் அக்கால நாகரிகத்தில் இயல்பாகவே மிகுதி. அவற்றையெல்லாம் வாக்குரிமைப் போராளியர் பூண்டவை என்று கூறி விலையேற்றும் வணிகர் பலர். நிறம் சான்றாகாது, எழுத்தும் முத்திரையும் மரபுவழிச் செய்தியுமே சான்றாகும்.

மெய்ம்மை காணும் வழிகள்

நகையின் மெய்ம்மையை அதன் உள்ளீடே காட்டும் என்பதைத் தமிழர்க்குச் சிலப்பதிகாரம் என்றோ கற்பித்துவிட்டது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. இன்றைய சேகரிப்பாளர் உடைக்காமலே உள்ளீட்டைப் படிக்கக் கற்றவர்.

முதலாவது முத்திரை. பொன்னில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஆண்டெழுத்தைக் கொண்டு செய்த ஆண்டையும் அறியலாம். 15 காரட் தரம் பிரிட்டனில் 1854 முதல் 1932 வரை மட்டுமே சட்டப்படி வழங்கியது. ஆதலின் அம்முத்திரையே காலத்தின் சாட்சி. பிளாட்டினத்திற்கோ அந்நாட்டில் 1975இல்தான் முத்திரை கட்டாயம் ஆயிற்று. எட்வர்டு காலப் பிளாட்டின நகையில் அரசு முத்திரை இன்மை குறையன்று. இருப்பின் அதுவே ஐயத்திற்கு இடம்.

இரண்டாவது வேலைப்பாடு. கையால் அறுத்த துளைகளில் வாளின் சுவடு இருக்கும். பின்புறமும் முன்புறம்போலச் செம்மையாக இருக்கும். அச்சில் வார்த்த போலியில் துளையோரம் மழுங்கியும் உட்புறம் சொரசொரப்பாகவும் காணப்படும்.

மூன்றாவது கல். இன்றைய வட்டப் பட்டையின் கணக்கை மார்செல் தோல்கோவ்ஸ்கி வெளியிட்டது 1919இல். அதற்கு முற்பட்ட வைரங்களின் மேல்முகம் சிறிது. அடிமுனை சற்றே வெட்டப்பட்டிருப்பதால் நடுவில் சிறு வட்டம் தோன்றும். எனினும் பழமை ஒன்றே கல்லின் இயற்கைத் தன்மைக்கு உறுதி ஆகாது. பிரெஞ்சு அறிஞர் வெர்னாய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் அறிவித்துவிட்டார். ஐயமற்ற எட்வர்டு கால நகையிலும் செயற்கைக் கல் இருத்தல் கூடும். உருப்பெருக்கியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது உலையில் பிறந்த கல்.

அழிந்தனவும் எஞ்சினவும்

1914இல் போர் மூண்டது. வெடிமருந்துக்கு வேண்டிய அமிலங்கள் செய்யப் பிளாட்டினம் தேவைப்பட்டதால் அது நகைப்பட்டறையை விட்டு அகன்றது. போருக்குப்பின் நாகரிகம் மாறியது. தலைமுடியைக் கத்தரித்துக்கொண்ட மகளிர்க்குப் பழைய தலையணிகள் பொருந்தவில்லை. செல்வர் பலர் வாரிசுவரி செலுத்தவும் நகைகளை விற்றனர். வாங்கியோர் கற்களைப் பெயர்த்துப் புதுப்பாணியில் பதித்தனர், வேலைப்பாட்டை உருக்கினர். ஓராண்டு உழைப்பு ஒரு நாழிகையில் அழிந்தது.

முத்தின் மதிப்பும் வீழ்ந்தது. 1917இல் நியூயார்க்கில் மார்ட்டன் பிளான்ட் என்னும் செல்வர் இரட்டைச்சர முத்துமாலை ஒன்றிற்கும் 100 டாலருக்கும் மாற்றாகத் தம் மாளிகையையே கார்த்தியே நிறுவனத்திற்கு அளித்தார். மாலையின் மதிப்பு பத்து இலட்சம் டாலர். சப்பானிய வளர்ப்பு முத்து சந்தையில் பெருகிய பின், 1957இல் அம்மாலை ஏலத்தில் இரண்டு இலட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. கட்டடமோ இன்றும் நிற்கிறது.

இவ்வழிவிற்கிடையே பழம்பணிகளைக் காத்தவர்கள் சேகரிப்பாளர்களே. அவருள் ஆன் ஹல் கிரண்டி அம்மையார் குறிக்கத்தக்கவர். செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர் நெடுநாள் உடல்நலம் குன்றியிருந்தும் அணிகலன்களைத் தேடிச் சேர்த்தார். தாம் சேர்த்தவற்றுள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவற்றை 1978இல் பிரிட்டிசு அருங்காட்சியகத்திற்குக் கொடையாக வழங்கினார். ஒருவர் பேழையில் இருந்தவை ஒரு நாட்டின் பாடநூல் ஆயின.

சேகரிப்போர் அணிகலனோடு அதன் பழைய தோற்பெட்டியையும், விற்பனைச் சீட்டையும், பூண்டவரின் நிழற்படத்தையும் தேடிப் போற்றுகின்றனர். பெட்டியும் சீட்டும் தம்மளவில் காசு பெறாதவை. ஆயினும் பெயரற்ற நகைக்குப் பெயரும் ஊரும் தருவன அவையே. நம் இல்லங்களிலும் பாட்டியர் பூண்ட அட்டிகையும் ஒட்டியாணமும் ‘பழைய பாணி’ என்னும் ஒரே காரணத்தால் உருக்கப்பட்டுவருகின்றன. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளல் எல்லார்க்கும் இயலாது. உருக்கும்முன் ஒரு நிழற்படம் எடுத்து, பூண்டவர் பெயரையும், செய்த தட்டாரின் ஊரையும், மணமோ மகப்பேறோ அது வந்த காரணத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்தல் எவர்க்கும் இயலும். அந்தத் தாளை எழுதக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.